அண்ணா வந்தது விடியப்புறமோ?

வாசகர் கேள்வி

ஐயா, நான் திருகோணமலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. போன வருடம் ஒரு சிறுகதைப் போட்டிக்கு எழுதினேன். கடலுக்குப் போய்த் திரும்பாத அண்ணன் மூன்று வருடம் கழித்து ஒரு பின்னேரம் வீட்டுக்கு வருகிறான். அம்மா சூடை மீன் பொரிக்கிறா, எல்லோரும் கூடியிருந்து சாப்பிடுகிறோம். கடைசியில் தங்கை கண் விழிக்கிறாள், எல்லாம் கனவு. பரிசு கிடைக்கவில்லை, அது பரவாயில்லை. ஆனால் திரும்பி வந்த பிரதியில் கடைசி வரிக்குக் கீழே நடுவர் ஒருவர் சிவப்புப் பேனையால் 'மறுபடியும் கனவா!' என்று எழுதியிருந்தார். ஐயா, அது நான் உண்மையாகவே கண்ட கனவு. வந்தது என் அண்ணாதான். உண்மையை எழுதினால் அது எப்படி ஏமாற்று ஆகும்? கதையை இணைத்திருக்கிறேன். கிழித்துப் போடுவதா, திருத்துவதா?

பதில்

தங்கச்சி,

கிழிக்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை ஆறுதலாகப் பேசலாம்.

அந்த நடுவர் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் அந்தக் கதிரையில் இருந்தவன்தான். சஞ்சிகைக்கு வரும் கதைகளைப் பார்த்துத் திருத்துவதுதான் என் தொழில். இப்போதும் யாராவது ஒரு கட்டுத் தாளோடு படலையைத் திறந்துகொண்டு வருகிறார்கள். கதை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். முடிச்சை அவிழ்க்க வேண்டிய இடம் வந்ததும் 'திடுக்கிட்டு விழித்தான்' என்று ஒரு வரி, அதோடு சரி. ஒரே கிழமையில் மூன்று பேர் இப்படித் திடுக்கிட்டு விழித்தால், நாலாவதாக வருபவர் அப்பாவியாக இருந்தாலும் அடி வாங்கத்தான் செய்வார். உங்கள் கதை அந்த நாலாவது ஆளாக மாட்டிக்கொண்டிருக்கலாம்.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்று நினைக்கிறீர்கள்? கோபிக்க வேண்டாம், நீங்கள் படிப்பிக்கிற வகுப்பறையில்தான். 'நான் சந்திரனுக்குச் சென்றால்', 'நான் ஒரு பறவையானால்' என்று கட்டுரை கொடுக்கிறோம். பிள்ளையும் பறக்கிறது, கோணேசர் மலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றுகிறது. எப்படி இறங்குவது என்று தெரியவில்லை, மணியும் அடிக்கப் போகிறது. உடனே 'அம்மா தட்டி எழுப்பினார், கண்டதெல்லாம் கனவு என்று அறிந்தேன்.' நாங்களும் சரி போட்டு, கீழே 'நன்று' என்று எழுதிக் கொடுக்கிறோம்.

எட்டாம் வகுப்பில் நானும் அப்படிச் சந்திரனுக்குப் போய் வந்தவன். தமிழ் வாத்தியார் என் கொப்பியை வகுப்புக்கு முன்னால் வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "சரி, எழும்பின பிறகு என்ன செய்தனி?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. "பல்லு விளக்கினேன் சேர்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அப்ப நீ சந்திரனுக்குப் போனதும் போகாததும் ஒண்டுதான்" என்று கொப்பியை மூடிவிட்டார்.

அன்றிலிருந்து கனவுக் கதை எது கையில் வந்தாலும் நான் கேட்பது அந்த ஒரு கேள்வியைத்தான். உங்கள் கதையிடமும் அதையே கேட்டேன். தங்கை எழும்பின பிறகு என்ன செய்தாள்? உங்கள் பிரதியில் அவள் ஒன்றும் செய்யவில்லை. 'தலையணை நனைந்திருந்தது' என்ற ஒரு வரியோடு கதை நின்றுவிடுகிறது.

வாசகன் ஏன் கோபப்படுகிறான் என்பதையும் பார்க்க வேண்டும். ஏமாற்றப்படுவது அவனுக்குப் பிடிக்காது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துப்பறியும் கதையைக் காசு கொடுத்து வாங்குகிறவன் ஏமாறத்தானே வாங்குகிறான்? அவனுக்குக் கோபம் வருவது, தான் பட்ட கவலையைக் கணக்கில் எடுக்காமல் அழித்துவிட்டார்களே என்றுதான். அமெரிக்காவில் 'டலஸ்' என்றொரு தொலைக்காட்சித் தொடர் ஓடியது. நடிகர் விலகிப் போனதால் 1985இல் அதில் பாபி என்ற பாத்திரத்தைச் சாகடித்தார்கள். சனம் அழுது தீர்த்து, அவன் இல்லாத கதையை ஒரு வருடம் பார்த்தது. பிறகு நடிகர் திரும்பி வரச் சம்மதித்தார். 1986இல் பாம் என்ற பெண் கண் விழித்துப் பார்க்கிறாள், செத்துப்போன பாபி குளியலறையில் குளித்துக்கொண்டு நிற்கிறான். அந்த ஒரு வருடத்துக் கதை முழுவதும் அவள் கண்ட கனவாம்! அந்த வருடத்தில் வந்த சண்டை, சமாதானம், அழுகை எல்லாவற்றையும் பார்த்தவர்கள் எங்கே கொண்டுபோய் வைப்பது?

இதைவிடக் கசப்பான ஒன்றும் என் கையில் வந்தது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு சில மாதங்களில், கடலோரத்தில் வாழ்ந்து பழக்கமில்லாத ஒருவர் ஒரு கதை அனுப்பினார். அலை வருகிறது, தாயின் கையில் இருந்து பிள்ளை நழுவுகிறது, மூன்று பக்கம் தேடுகிறாள். கடைசியில் விழித்துப் பார்த்தால் பிள்ளை பக்கத்தில் தூங்குகிறது. எழுத்து நல்ல எழுத்து. ஆனால் அந்த நேரம் நிலாவெளியிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் கூடாரத்துக்குள் படுத்துக்கிடந்த தாய்மாருக்கு அந்த விழிப்புக் கிடைக்கவில்லையே. கதையைத் திருப்பி அனுப்பினேன். காரணம் எழுதத் தொடங்கி, இரண்டு தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, வெறுமனே 'இயலவில்லை' என்று மட்டும் எழுதினேன்.

உங்கள் கதை நேர் எதிர்ப்பக்கம். அவருடையதில் கெட்டது நடந்து, விழித்ததும் இல்லாமல் போகிறது. உங்களுடையதில் நல்லது நடந்து, விழித்ததும் பறிபோகிறது. முன்னையதில் விழிப்பு ஆறுதல், பின்னையதில் விழிப்புத்தான் இழவு. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டக் கூடாது. நடுவர் கட்டிவிட்டார். ஆனால் கட்டுவதற்கு இடம் கொடுத்தது நீங்கள், ஏனென்றால் அந்த இழவை எழுதாமலே பேனையை வைத்துவிட்டீர்கள்.

நம்முடைய பழைய ஆட்கள் கனவை எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள். சிலப்பதிகாரத்தில் முப்பது காதை. ஒன்பதாவதிலேயே கண்ணகி தேவந்தியிடம் தன் கனவைச் சொல்லிவிடுகிறாள்: ஒரு பெரிய ஊருக்குப் போனோம், எங்கள்மேல் தேளைத் தூக்கிப் போட்டதுபோல ஒரு பழி விழுந்தது, கோவலனுக்குத் தீங்கு என்று கேட்டு அரசன் முன்னால் வழக்குரைத்தேன், அரசனுக்கும் ஊருக்கும் கேடு வந்தது. முழுக் கதையும் அதற்குள் இருக்கிறது. 'முடிவைச் சொல்லிவிட்டாரே' என்று எவரும் நூலை மூடி வைக்கவில்லை. மதுரையில் பாண்டிமாதேவியும் அப்படித்தான், செங்கோலும் குடையும் சரிந்து விழக் கனாக் கண்டு அரசனிடம் ஓடி வருகிறாள், சற்று நேரத்தில் வாசலில் கண்ணகி நிற்கிறாள். நம்மிடம் கனவு என்பது கடைசிப் பக்கத்து அழிறப்பர் மாதிரி வராது. முன்னாலேயே வந்து குந்திக்கொண்டு, எப்போது பலிக்கப் போகிறேன் பார் என்று கதையைப் பயமுறுத்தும்.

இன்னும் ஒன்று. அசோகவனத்தில் திரிசடை சீதைக்குத் தன் கனவைச் சொல்கிறாளே, இராவணன் தலையில் எண்ணெய் வழியத் தெற்கு நோக்கிப் போகிறான் என்று. கம்பன் அங்கே ஒரு சின்ன வேலை செய்திருக்கிறான். கனவு முடிவதற்குள் திரிசடை விழித்துவிடுகிறாள். கேட்டுக்கொண்டிருந்த சீதை என்ன சொல்கிறாள் தெரியுமா? இன்னும் கொஞ்சம் தூங்கு அம்மா, மிச்சத்தையும் பார்த்துச் சொல் என்கிறாள். தான் தூங்கவே இல்லை, அதனால் தனக்குக் கனவும் இல்லை. அடுத்தவளின் தூக்கத்தைக் கையேந்திக் கேட்கிறாள். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் நான் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் அடுத்த பாட்டுக்குப் போவேன். கனவு உண்மையா பொய்யா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. அதைக் கேட்டவளுக்கு அது எவ்வளவு தேவைப்பட்டது என்பதுதான் அங்கே இருக்கிறது.

உங்களுக்கு உண்மையில் உறவு குறுந்தொகை முப்பதாம் பாட்டு. தலைவன் வந்து தழுவியதாகக் கனவு, மெய்யைப் போலவே இருந்த பொய்க்கனவு. எழும்பினாள். எழும்பி என்ன செய்தாள்? 'அமளி தைவந்தனனே.' படுக்கையைத் தடவிப் பார்த்தாளாம். ஆறே வரிப் பாட்டு, அதற்குள் அந்தக் கை தடவுகிறது. கனவு இரண்டு வரிகூட இல்லை. என் வாத்தியாரின் கேள்விக்கு கச்சிப்பேட்டு நன்னாகையார் எப்போதோ பதில் எழுதி வைத்துவிட்டார்.

வெளிநாட்டிலும் நன்றாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். லூயிஸ் கரோல் 1865இல் எழுதிய ஆலிஸ் கதையில் சீட்டுக்கட்டு முழுக்கப் பறந்து அவள்மேல் விழுகிறது, விழித்தால் முகத்தில் மரத்துச் சருகுகள், அக்கா அவற்றைத் தட்டிவிட்டுக்கொண்டிருக்கிறாள். கனவுக்குள் இருந்த பொருளுக்கு வெளியே ஒரு விலாசம் இருக்கிறது. அதோடு அக்கா அந்தக் கனவை வாங்கித் தானும் ஒருதரம் கண்டுபார்க்கிறாள். ஓஸ் நாட்டுக் கதை 1900இல் புத்தகமாக வந்தபோது அந்த நாடு உண்மையாகவே இருந்தது. 1939 திரைப்படத்தில்தான் கனவாக்கினார்கள். ஆனால் கனவில் வந்த முகங்கள் கட்டிலைச் சுற்றி நிற்கின்றன, அதில் மூன்று பேர் பண்ணையில் வேலை செய்கிற ஆட்கள். ஏதோ மிச்சம் வைத்தார்கள்.

இனி, 'உண்மையாகவே கண்ட கனவு' என்றீர்களே, அதற்கு வருகிறேன். நம்புகிறேன். ஆனால் நீங்கள் கண்டது உண்மை என்பதற்கு வாசகனிடம் ஒரு ஆதாரமும் இல்லை. அவனிடம் இருப்பது பன்னிரண்டு தாள். அண்ணாவின் முகம் உங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. துக்கத்தை எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் சறுக்குவார்கள். தங்களுக்குள் நிறைந்து கிடப்பதால் தாளிலும் நிறைந்திருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள்.

சரி, உங்கள் பன்னிரண்டு தாளுக்குள் போவோம். பென்சிலால் மூன்று இடத்தில் வட்டம் போட்டிருக்கிறேன்.

மூன்றாம் பக்கம். அண்ணா வாசலில் நிற்கிறார், அவருக்குப் பின்னால் ஒரு புள்ளிமான் நின்று பார்க்கிறது. கனவு என்று காட்ட நீங்கள் வைத்த குறிப்பு இது என்று விளங்குகிறது. தங்கச்சி, வேறு ஊரில் இது எடுபடும். நம்முடைய ஊரில் இரவு பத்து மணிக்குப் பேருந்து நிலையத்தடியில் மான் படுத்திருக்கும், மரக்கறிக்கடை வாசலில் கோவாத் தோல் தின்னும். கோட்டைக்குள் இருப்பது போதாதென்று எங்கள் வேலிக்குள்ளும் தலையை விட்டுச் செம்பரத்தையைக் கடித்துவிட்டுப் போகிறது. திருகோணமலை வாசகன் அந்த மானைப் பார்த்து ஒன்றும் நினைக்க மாட்டான். கொழும்பு வாசகன்தான் 'ஆகா, கனவு' என்பான். மானை எடுத்துவிடுங்கள், அல்லது வெறும் மானாகவே நிற்க விடுங்கள்.

ஆறாம் பக்கம். 'அம்மா ஐந்தாவது பீங்கானை எடுத்து வைத்தா.' அதற்கு முன்னால் இரண்டாம் பக்கத்தில், அண்ணா போன பிறகு வீட்டில் நாலு பீங்கான்தான் மிச்சம், ஒன்றை அம்மாவே உடைத்தா என்று எழுதியிருக்கிறீர்கள். தெரிந்து செய்தீர்களா, தெரியாமல் வந்ததா? தெரியாமல் என்றுதான் நினைக்கிறேன், அதுதான் நல்லது. உடைந்த பீங்கான் திரும்பி வந்து நிற்பதைச் சாப்பிடுகிற ஒருவரும் கவனிக்கவில்லை. கனவின் ஒழுங்கு அப்படித்தான், இல்லாதது இருக்கும், அதைப் பற்றி எவரும் கேட்க மாட்டார்கள். இந்த ஒரு பீங்கான் இருக்கும்போது மானும் வேண்டாம், மங்கிய வெளிச்சமும் வேண்டாம்.

எட்டாம் பக்கத்தில்தான் நான் எழும்பி உட்கார்ந்தேன். 'கன்னியாவுக்குப் போவம் என்று பெரியப்பா இரண்டு தரம் கேட்டுவிட்டார்.' அரை வரி. அதற்கு மேல் ஒன்றும் இல்லை, கதை மீன் பொரியலுக்குப் போய்விடுகிறது. வெளியூர் வாசகருக்காக இதைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். கன்னியாவில் இருப்பது ஏழு வெந்நீர்க் கிணறு. தாய்க்குக் கடன் கழிக்க இராவணன் தோண்டியது என்று நம் சனம் சொல்லும், இங்கே உள்ளவர்கள் செத்தவருக்கான அந்தியேட்டிச் சடங்கு செய்யப் போகிற இடம். பெரியப்பா கேட்பது 'அவன் செத்துவிட்டான் என்று ஒப்புக்கொள்வோமா' என்றுதான். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. உடல் கிடைக்கவில்லை, வள்ளம்தான் கிடைத்தது. மூன்று வருடமாக அந்த வீட்டில் நடக்கிற சண்டை இதுதானே? உங்கள் கதை இங்கே இருக்கிறது. கனவு இந்தச் சண்டைக்குள் வந்து விழுகிற ஒரு கல்.

இப்போது இன்னொன்றைப் பக்கத்தில் வையுங்கள். விடியப்புறம் கண்ட கனவு பலிக்கும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் இதற்கென்றே ஒரு பழைய கனாநூற் பாட்டை எடுத்துக் காட்டுகிறார். முதற்சாமத்தில் கண்டால் ஓர் ஆண்டில் பலிக்கும், இரண்டாம் சாமம் என்றால் எட்டு மாதம், மூன்றாம் சாமம் மூன்று மாதம், கடைச்சாமம் என்றால் பத்தே நாள். (தூக்கத்தை ஆராய்கிறவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள். கண்மணி ஓடுகிற அந்தக் கனவுத் தூக்கம் விடியற்பக்கம் நீளும், அதனால் அந்த நேரத்துக் கனவுதான் அதிகம் நினைவில் நிற்கும் என்று. அம்மாமாரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.)

அப்படியானால், தங்கை எழும்பிக் குசினிக்குப் போகிறாள். தட்டில் நாலு பீங்கான். அம்மா அடுப்படியில் நிற்கிறா. தங்கையின் முகத்தைப் பார்த்தே விளங்கிவிடுகிறது.

"கொண்ணனைக் கண்டனியோ?"

"ம்."

"எப்ப? விடியப்புறமோ?"

இந்தக் கேள்விக்கு அவள் என்ன சொல்லப் போகிறாள்? விடியப்புறம் என்றால் அம்மா பத்து நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பா, பெரியப்பா மூன்றாம் தரம் வந்து கேட்டாலும் அசையமாட்டா. முன்னிரவு என்றால் இன்னும் ஒரு வருடம் அதே காத்திருப்பு. மணி பார்க்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். உண்மையில் அவள் எப்போது கண்டாள் என்பது இனி முக்கியமே இல்லை. நான் இதற்கு மேல் எழுதிக் காட்டமாட்டேன். அது உங்கள் வீடு, உங்கள் அம்மா. நான் சொன்ன பேச்சுக்கூட உங்கள் அம்மாவின் வாயில் வராது என்றால் மாற்றிவிடுங்கள்.

இப்படி வைத்தால் கனவை ஒளித்து வைக்க வேண்டிய தேவையும் இல்லை. கதையின் முதல் வரியே 'நேற்றும் அண்ணா வந்தார்' என்று இருக்கலாம். ஆண்டாள் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் 'கனாக் கண்டேன் தோழீ நான்' என்று சொல்லிச் சொல்லித்தானே பத்துப் பாட்டில் கல்யாணத்தையே நடத்தி முடிக்கிறாள்? கனவு என்று தெரிந்ததால் யாருக்காவது அந்த யானை ஊர்வலம் சிறுத்துப் போனதா? 'ஏமாற்றிவிட்டாய்' என்று நடுவர் சொல்லவும் வழியில்லை.

சில்லறை வேலைகள் இரண்டு. அண்ணா தான் எங்கே இருந்தார் என்று ஒன்றரைப் பக்கம் சொல்கிறாரே, இந்தியக் கரை, சிறை, விடுதலை என்று, அதை முழுதாக வெட்டுங்கள். கனவில் வருகிறவர்கள் அவ்வளவு ஒழுங்காக விளக்கம் சொல்வதில்லை. மீனில் முள் எடுத்துத் தங்கையின் பீங்கானில் வைக்கிறாரே, அந்த ஒன்று போதும். அடுத்தது, 'திடுக்கிட்டு' என்ற சொல். நல்ல கனவில் இருந்து எவரும் திடுக்கிட்டு எழும்புவதில்லை. கண்ணைத் திறக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கப் பார்ப்பார்கள். வெளியே கச்சான் காற்றில் கிடுகு அடிக்கிற சத்தம் கேட்கும். பிறகு வேறு வழியில்லாமல் கண்ணைத் திறப்பார்கள். அதை நீங்கள் என்னைவிட நன்றாக எழுதுவீர்கள்.

பன்னிரண்டு பக்கம் எட்டாகச் சுருங்கும் என்று நினைக்கிறேன். சுருக்கியதும் அனுப்புங்கள், போட்டிக்கு அனுப்ப முதல். அந்த ஐந்தாவது பீங்கானை அம்மா எந்த வருடம், எதற்காக உடைத்தா என்று கதையில் எழுதத் தேவையில்லை. எனக்கு மட்டும் ஒரு வரி எழுதி வையுங்கள்.